வேண்டுமென்றே ஒரு தப்பு

அன்று காலை அந்த அறையில் இருந்தவர்கள்:

என் அக்கா நிர்மலாதேவி. அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்றுகொண்டு.

அவள் மகள் இசக்கிசெல்வி, ஆறாம் வகுப்பு. கட்டிலில், மேலே யூனிபார்ம் சட்டை, கீழே வீட்டுப் பாவாடை.

பக்கத்து வீட்டு ஆனந்தகுமார். ஆள் வெளியே, முகம் மட்டும் ஜன்னல் கம்பியில்.

நான், சுடலைமணி. ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து தரையில் பாய் விரித்துப் படுத்தவன். தூங்கவில்லை.

என் போன். தலையணை மேல் சாய்த்து வைத்திருந்தது. பத்து மணிக்கு அதில் எஸ்லின் டீச்சர் வருவார்.

வராதது தறிச் சத்தம்.

எங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பவர்லூம் செட், விசைத்தறிக் கொட்டகை. துண்டு நெய்கிறார்கள். இரவு பகல் இல்லாமல் ஓடும். நான் வேலை பார்ப்பது வேறு செட்டில், ஆனால் எல்லாம் ஒரே சத்தம்தான். அதில் எனக்குத் தூக்கம் வரும். அது நின்றுவிட்டால் வராது. மாதம் ஒரு நாள் பராமரிப்பு என்று கரண்ட்டை நிறுத்துவார்கள். அன்றைக்குத் தெரு முழுக்க என்னைப் போன்றவர்கள் வாசலில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு இருப்போம். ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் கேட்கும்.

இன்றைக்கு ஷட்டவுன் என்று எங்கள் சூப்பர்வைசர் முந்தின நாளே சொல்லியிருந்தார். அதை அக்காவிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. ஒன்பது மணிக்குத் தறிகள் எல்லாம் ஒன்றாக நின்றபோது அவள் கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள்.

"ஏலே, என்னலே சத்தத்தைக் காணோம்?"

"ஷட்டவுன்."

"இன்னைக்கா?"

"இன்னைக்குத்தான்."

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். எங்கள் திட்டம் முழுக்க அந்தச் சத்தத்தை நம்பித்தான் போட்டது.

கொரோனாவுக்குப் பள்ளிக்கூடத்தை மூடி இரண்டாவது வருஷம் அது. பெரிய வகுப்புகளைத் திறந்துவிட்டார்கள். எட்டு வரைக்கும் திறக்கவில்லை. செல்வி நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருக்கும்போது வீட்டுக்கு வந்தவள். வீட்டில் இருந்தபடியே ஐந்தைத் தாண்டி ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டாள்.

மற்ற டீச்சர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு யூடியூப் லிங்க்கைப் போடுவார்கள், கை கூப்பின படம் ஒன்றைப் போடுவார்கள், அதோடு சரி. எஸ்லின் டீச்சர் அப்படி இல்லை. அவர் குரூப்பில் எதுவும் போடமாட்டார். ஒவ்வொரு பிள்ளையின் நம்பருக்கும் தனியாக அனுப்புவார். பாடம் ஒரு குட்டி வீடியோ, கூடவே குரலில் ஒரு விளக்கம். வாரக் கடைசியில் கூகுள் பார்மில் ஒரு பரீட்சை. பிள்ளை எதில் தப்பு விட்டதோ அதைப் பார்த்து அடுத்த வாரப் பாடம். அதனால் ஒரு பிள்ளைக்குப் போவது இன்னொரு பிள்ளைக்குப் போகாது. அடுத்த தெருவில் சுகிர்தா என்று ஒருத்தி, செல்வியின் வகுப்புதான். அவளுக்கு வருவது வேறு, செல்விக்கு வருவது வேறு.

செல்விக்கு என்றால், என் போனுக்கு. அக்காவிடம் இருப்பது பட்டன் போன்.

முதல் பரீட்சை வந்த அன்று நான் படுத்திருந்தேன். செல்வி போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுத்தவும் இல்லை, நகர்த்தவும் இல்லை.

"ஏலே, அது என்ன கேக்குன்னு பாரு. பிள்ள முழிக்கால்லா," என்றாள் அக்கா.

நான் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம் வரை போனவன். பின்னத்தைக் கூட்டுவது ஒன்றும் கஷ்டமில்லை. கேள்வியைப் படித்தேன், விடையைச் சொன்னேன், செல்வி அழுத்தினாள். அறிவியலும் இங்கிலீஷும் வந்தபோது ஆனந்தகுமார் ஜன்னலுக்கு வந்துவிட்டான். பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறான். பி.ஏ. இங்கிலீஷ் என்பதை ஷட்டரில் எழுதாத குறை. எங்கள் வளவில், இந்த வரிசை வீடுகளில், ஒரு வீட்டுக்கு வந்த கேள்வி எல்லா வீட்டுக்கும் வந்த கேள்விதான். கேஸ் சிலிண்டர் வந்தால்கூட நாலு பேர் வந்து தூக்கிப் பார்ப்பார்கள்.

எல்லாம் முடிந்து அனுப்பப் போகும்போது அக்கா கையைப் பிடித்தாள்.

"நில்லு. எல்லாமே சரியா இருந்தா நம்புவாகளா? ஒண்ணைத் தப்பாப் போடு."

"எதை?"

"அது எனக்கு எப்படித் தெரியும். படிச்சவன் நீதானே. பிள்ள போடுத மாதிரி ஒரு தப்புப் போடு."

யோசித்தேன். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொல்லியிருந்தார்கள். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று போட்டேன். நல்ல தப்பு. பார்த்தால் யாரும் பெரியவர் வேலை என்று சொல்லமாட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து வீடியோ வந்தது. எஸ்லின் டீச்சர் வீட்டுச் சமையலறை. தோசைக்கல்லில் இருந்து ஒரு தோசையை எடுத்துத் தட்டில் போட்டு, கத்தியால் சரிபாதி வெட்டினார். இன்னொரு தோசையை மூன்றாக வெட்டினார். "செல்வி மக்கா, இதையும் இதையும் சேர்த்தா அரைத் தோசையை விடக் கூடவா வரணுமா, குறையவா வரணுமா? நீ போட்ட ஐந்தில் இரண்டு அரையை விடக் குறைச்சல்லா?" என்று கேட்டார். பின்னால் யாரோ குழந்தை தோசை கேட்டு அழுதது. "இரு, அக்காவுக்குப் பாடம் எடுக்கேன்," என்று அதை அதட்டினார்.

ஆனந்தகுமார் அதை இரண்டு முறை போட்டுப் பார்த்தான். "தோசை நல்ல முறுவல் வே," என்றான்.

அடுத்த பரீட்சையில் பின்னத்தைச் சரியாகப் போட்டோம். வேறொன்றில் தப்பு வைத்தோம். அதற்கும் ஒரு வீடியோ வந்தது, குடத்தில் படி படியாகத் தண்ணீர் ஊற்றி. அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. வாரக் கடைசியானால் அக்கா, "இந்த வாரம் எதுல தப்பு?" என்று கேட்பாள், என்ன குழம்பு வைக்க என்று கேட்பதைப் போல. நாங்கள் வைத்த ஒவ்வொரு தப்புக்கும் பின்னால் அந்த டீச்சர் ஓடினார். கோணம் தப்பினால் கதவைத் திறந்து திறந்து காட்டினார். அடுத்த வாரம் அது சரியாக வந்ததும் குரலில் சந்தோஷம் தெரியும். "வெரிகுட் செல்வி. ஒரு தடவை சொன்னாப் போதும் ஒனக்கு. நீ போட்ட வழி எனக்கே புதுசா இருந்துச்சு."

அந்த வழி நான் போட்டது. நான் அதைத் திரும்பப் போட்டுக் கேட்டிருக்கிறேன். பாலிடெக்னிக்கில் யாரும் எனக்கு வெரிகுட் சொன்னதில்லை.

வாசித்துக் காட்டச் சொன்னால் மட்டும் சிக்கல். அதற்கும் வழி கண்டுபிடித்தோம். நான் ஒரு வரி வாசிப்பேன். செல்வி கேட்டுச் சொல்வாள். ஒரு வரிக்கு ஒரு வாய்ஸ் நோட். அவளுக்கு ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், அப்படியே சொல்லுவாள், நான் நிறுத்திய இடத்தில் நிறுத்தி, நான் இழுத்த இடத்தில் இழுத்து. நடுவில் என் குரலோ அக்கா குரலோ விழுந்தாலும் தறிச் சத்தத்தில் அமுங்கிவிடும். "சத்தமில்லாத இடத்துக்குப் போய்ப் பேசேன்மா," என்று டீச்சர் கேட்பார். "எங்க போக டீச்சர்," என்று அக்கா அழுத்தி ஒரு பதில் அனுப்புவாள். அது ஒன்றுதான் அந்தப் போனில் இருந்து போன உண்மை.

இவ்வளவும் எதற்கு என்றால் அத்தானுக்காக.

அத்தான் மாரிக்கண்ணன் புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் இருந்து கேரளாவுக்கு லோடு போகிற லாரியில் இருக்கிறார். வாரத்தில் ஒன்றிரண்டு நாள்தான் வீட்டுக்கு வருவார். கெட்டவர் இல்லை. கத்தமாட்டார். சொன்னதைச் செய்வார், அதுதான் பயம். ஆறாம் வகுப்புப் பாடம் போனில் வரத் தொடங்கின புதிதில் ஒரு நாள் சாப்பிட்டு எழுந்து கை கழுவும்போது சொன்னார்: "பள்ளிக்கூடமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பிள்ளைக்குப் படிப்பு ஏறுதான்னு பாரு. ஏறலன்னா சொல்லிரு. பின்னால செட்டுல நூல் சுத்த ஆள் கேக்கான். வீட்டுப் பக்கத்துலயே இருக்கும்." அத்தானின் தங்கச்சி அப்படித்தான் போனது. இன்றைக்கும் அதே செட்டில் நூல் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அடுத்த முறை அவர் வந்தபோது அக்கா டீச்சரின் வாய்ஸ் நோட்டைப் போட்டுக் காட்டச் சொன்னாள். அத்தான் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "இன்னொரு மட்டம் போடு," என்றார். அதன்பிறகு வரும்போதெல்லாம், "டீச்சர் என்ன சொல்லுதாங்க?" என்பதுதான் முதல் பேச்சு. நூல் சுற்றும் பேச்சு வரவில்லை.

எல்லாருக்கும் நல்லதாகத்தான் இருந்தது, செல்வியைத் தவிர.

ஒரு மத்தியானம் அவள் என் பாய்ப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன்.

"மாமா, இது என்ன எழுத்து?"

போனில் ஒரு சொல்லைக் காட்டினாள். இஞ்சி.

"ஞ்."

"இது?"

அதற்கும் சொன்னேன். அவள் இன்னொன்றைக் காட்டினாள். அதுவும் அதே எழுத்துதான், வேறு சொல்லில் வந்திருந்தது. நான் எழுந்து உட்கார்ந்தேன். ஒரு வரியை வாசிக்கச் சொன்னேன். அவள் முதல் எழுத்தைப் பிடித்தாள், இரண்டாவதைப் பிடித்தாள், மூன்றாவது வரும்போது முதல் எழுத்து கையை விட்டுப் போயிருந்தது. திரும்பவும் முதலில் இருந்து.

அவள் அழவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"மாமா, சுகிர்தாவுக்கு வருத பாடத்தை எனக்கும் அனுப்பச் சொல்லுங்க."

"அவளுக்கு எழுத்து தெரியாதுன்னு நாலாம் வகுப்புப் பாடம்லா அனுப்புதாங்க."

"நான் தெனம் சாயங்காலம் அவ வீட்டுக்குப் போயிதான் பாக்கேன். அதுல டீச்சர் எழுத்துக்குக் கீழ விரல் வச்சு வச்சு வாசிக்காங்க. எனக்கு அதான் வேணும். அவ இப்போ ஒரு பக்கம் வாசிக்கா. முன்னாடி எனக்கும் அவளுக்கும் ஒண்ணு போலத்தான் இருந்துச்சு."

"அப்போ அவ வீட்டுலயே பாத்துக்க."

"அவ வாசிச்சு முடிச்சதும் அவுக அம்மா போனை வாங்கிருவாங்க. அது அவளுக்கு வந்த பாடம். அவளுக்கு எங்க தெரியாதோ அங்கதான் நிறுத்துதாங்க. எனக்குத் தெரியாத இடத்துல நிறுத்த மாட்டங்காங்க."

நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன். தூக்கம் வரவில்லை. சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன். அவள் வாசலை ஒரு முறை பார்த்துவிட்டு மெதுவாகப் பேசினாள்.

"நீ என்னலே புதுசா சொல்லுதே. எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடம் திறக்கட்டும். அங்கன போனா தானா வந்துரும்."

"திறக்கதுக்குள்ள இருக்கதும் போயிரும்."

"அப்போ டீச்சர்ட்ட போய்ச் சொல்லு, இத்தனை நாள் நாந்தான் எழுதினேன்னு. அவுக இவ அப்பாட்ட சொல்லட்டும். நாளைக்கே இவ அந்தச் செட்டுக்குள்ள போயிருவா. போவமா?"

நான் போகவில்லை. அக்காவின் பயம் நியாயமானதுதான். அதோடு, உள்ளதைச் சொன்னால், வாரா வாரம் வரும் அந்த வெரிகுட்டையும் நான் விட வேண்டியிருக்கும். அந்த வாரம் பரப்பளவில் ஒரு தப்பு வைத்தேன்.

அக்டோபரில் டீச்சரிடம் இருந்து வேறு மாதிரி ஒரு செய்தி வந்தது. பள்ளிக்கூடம் சீக்கிரம் திறந்துவிடும் போலிருக்கிறது, அதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையையும் வீடியோ காலில் தானே பார்த்து வாசிக்கச் சொல்லிக் கேட்கப் போகிறார், யார் எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்று பார்த்து, அதில் இருந்துதான் பாடத்தைத் தொடங்கப் போகிறார். கடைசியில் ஒரு வரி: "அந்த நேரம் அறையில் பிள்ளை மட்டும் இருக்கட்டும். தயவுசெய்து யாரும் உதவ வேண்டாம்." செல்விக்குச் சனிக்கிழமை பத்து மணி.

திட்டம் ஆனந்தகுமார் போட்டது. கடையில் இருந்து காது மிஷின் ஒன்று கொண்டுவருவான், வயர் இல்லாதது. செல்வி முடியைக் காதுக்கு மேல் விட்டுக்கொள்ள வேண்டும். டீச்சர் பாடத்தைத் திரையில் காட்டியதும் நான் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து, ஆனந்தகுமாரின் போனில் அதே பாடத்தைப் பார்த்து மெல்ல வாசிப்பேன். அந்த மிஷின் வழியாக அவள் காதில் விழும். அவள் சொல்வாள்.

"பாட்டுக்கு வாய் அசைக்கிற மாதிரிதான். பெரிய பெரிய ஆளுக எல்லாம் இப்படித்தான் மேடையில பேசுதாங்க," என்றான்.

"டீச்சர் எந்தப் பாடத்தைக் காட்டுவாங்கன்னு உமக்கு எப்படிவே தெரியும்?"

"ஆறாம் வகுப்புத் தமிழ் புஸ்தகம் மொத்தத்தையும் இறக்கி வச்சிருக்கேன். டீச்சர் பாடத்தோட பேரைச் சொன்னா பக்கத்தைப் பிடிச்சிர மாட்டீரா? பாலிடெக்னிக் படிச்ச ஆளு."

செல்வி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை.

நான் கட்டிலுக்குக் கீழே இருந்து வாசிப்பது டீச்சருக்குக் கேட்காது, தறி ஓடும். அதுதான் கணக்கு.

தறி நின்றது. அரை மணி நேரம் போயிருக்கும். ஆனந்தகுமார் ஜன்னலில் நின்று நகத்தைக் கடித்தான். மின்விசிறி நின்ற அறை, எங்கள் மூச்சுச் சத்தம்கூடக் கேட்டது.

"ரகசியமா வாசி," என்றாள் அக்கா.

"ரகசியமும் கேக்கும் யக்கா. இப்பல்லாம் போனுல ஈ பறந்தாக்கூடக் கேக்கும்," என்றான் ஆனந்தகுமார்.

"நீ சும்மா இரு. காலண்டர் அட்டையில எழுதி ஜன்னல்ல காட்டு. பெருசா எழுது."

"வாசிக்க வராத பிள்ளைக்கு எழுதிக் காட்டி என்ன செய்ய?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்குத் தெரிந்தது. அக்கா அவனைப் பார்த்த பார்வையில் அவன் முகம் ஜன்னலைவிட்டு ஒரு சாண் பின்னால் போனது. செல்வி சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"மேலுக்கு முடியலன்னு சொல்லிருவோம். காய்ச்சல்னு," என்றாள் அக்கா. "ஏலே, டீச்சருக்கு ஒரு மெசேஜ் போடு. காய்ச்சல்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ. இந்தக் காலத்துல."

நான் போனை எடுத்தேன். எழுதத் தொடங்கினேன். அப்போது வாசலில் லாரி நிற்கும் சத்தம் கேட்டது. தறி ஓடியிருந்தால் கேட்டிருக்காது. அத்தான் இறங்கி, டிரைவரிடம் ஏதோ சொல்லி, கதவை அடித்துச் சாத்துவது ஒவ்வொன்றாகக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை வரவேண்டியவர். அக்கா தலையில் கை வைத்தாள்.

அவர் உள்ளே வரவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். உடம்பு முழுக்க எலுமிச்சை வாசம் அடித்தது.

"டீச்சர் இன்னைக்குப் பேசுதாங்கன்னு ஆனந்து சொன்னான். அதான் லோடு இறக்கிட்டு நேரா வந்துட்டேன்," என்றார். "தறியும் ஓடல. நல்லாக் கேக்கும். நான் இங்கனயே இருக்கேன். பிள்ள வாசிக்கட்டும்."

ஜன்னலில் ஆனந்தகுமாரின் முகம் இருந்த இடத்தில் வெறும் கம்பி இருந்தது. கொஞ்சம் கழித்து அவன் வாசல் பக்கமாக நடந்து போய், "அண்ணாச்சி, டீ சொல்லட்டுமா?" என்று கேட்பது கேட்டது.

"வேண்டாம். பிறகு குடிச்சுக்கிடலாம்."

அக்கா என் பக்கம் குனிந்தாள். வாய் மட்டும் அசைந்தது. மெசேஜைப் போடு. நான் காய்ச்சல் என்று எழுதி முடித்திருந்தேன். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. வெளியே இருக்கும் மனுஷனிடம் காய்ச்சல் என்று என்னவென்று சொல்வது? அவர் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். ஆனால் அதையும் ஒரு வழியாகச் சமாளிக்கலாம். இந்த வாரம் தள்ளிவிட்டால், அடுத்த வாரம் தறி ஓடும், அத்தான் கேரளாவில் இருப்பார், நான் கட்டிலுக்குக் கீழே இருப்பேன். எல்லாம் பழையபடி நடக்கும்.

என் கட்டைவிரல் அந்தப் பச்சை அம்புக்குறிக்கு மேல் இருந்தது. செல்வி கட்டிலில் இருந்து இறங்கி வந்து போனை என் கையில் இருந்து எடுத்தாள். பிடுங்கவில்லை. எடுத்தாள். அவளுக்கு நான் எழுதியதை வாசிக்கத் தெரியாது. ஆனால் அழிக்கும் இடம் தெரியும். விரலை அழுத்தி வைத்துக்கொண்டே நின்றாள், எல்லாம் போகிற வரைக்கும்.

"ஏட்டி," என்றாள் அக்கா, குரலே இல்லாமல். "அப்பா வெளிய இருக்காக."

"தெரியும்."

"என்னத்தை வாசிப்ப?"

"தெரிஞ்சதை."

"ஒனக்கு என்ன தெரியும்?"

"அதைத்தாம்மா டீச்சர் கேக்காங்க."

அக்கா அவள் கையைப் பிடித்தாள். செல்வி விடுவித்துக்கொள்ளவில்லை, அப்படியே நின்றாள். "செட்டுக்கு அனுப்பிருவாக மக்கா," என்றாள் அக்கா. அவள் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

"அனுப்பினா நூல் சுத்துதேன். இப்பவும் நான் படிக்கலையே. மாமாதான படிக்காரு."

அந்த நேரம் போன் அடித்தது.

அக்கா எடுக்காதே என்று கையை ஆட்டினாள். செல்வி எடுத்துவிட்டாள். திரையில் எஸ்லின் டீச்சரின் முகம் வந்தது. தலை சீவி, கண்ணாடி போட்டு, பின்னால் சுவரில் ஒரு வேத வசனக் காலண்டர். நாங்கள் அந்த முகத்தைத் தோசை வெட்டும்போதும் குடத்தில் தண்ணீர் ஊற்றும்போதும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறோம். அது எங்களைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"வணக்கம் செல்வி. அட, இன்னைக்கு ஒங்க வீட்டுல சத்தமே இல்லையே. நல்லதாப் போச்சு. ரெடியா?"

"வணக்கம் டீச்சர். ஒரு நிமிசம் டீச்சர். வீட்டுல ஆள் இருக்காங்க. போகச் சொல்லிட்டு வாரேன்."

"சரிம்மா. நான் இருக்கேன்."

டீச்சர் இருந்தார். அதனால் யாரும் பேச முடியவில்லை. செல்வி போனைத் தலையணையில் சாய்த்து வைத்தாள், திரை கட்டிலைப் பார்க்கும்படி. பிறகு அக்காவின் பின்னால் போய் நின்று, இரண்டு கையையும் அவள் முதுகில் வைத்தாள். தள்ளவில்லை. வைத்தாள், அவ்வளவுதான். அக்கா ஒவ்வொரு அடியாக வாசலுக்குப் போனாள். போகும்போது கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், சோறு வெந்துகொண்டிருந்த அடுப்பை அணைக்கக் கை நீட்டினாள். செல்வி முந்திக்கொண்டு அணைத்தாள்.

அக்கா வெளியே போனதும் அத்தான், "நீ என்னத்துக்கு இங்கன வார, உள்ள இரியேன்," என்பது கேட்டது.

"டீச்சர் யாரும் இருக்கப்படாதுன்னுட்டாங்க," என்றாள் அக்கா. குரல் சாதாரணமாக இருந்தது. எப்படி வரவழைத்தாள் என்று தெரியவில்லை.

"அதுவும் சரிதான்."

நான் மட்டும் மிச்சம் இருந்தேன். பாயில் உட்கார்ந்திருந்தேன். போனில் இருந்து பார்த்தால் நான் தெரியமாட்டேன். அப்படியே அசையாமல் இருந்துவிட்டால், அவள் தடுமாறும் இடத்தில் ஒரு எழுத்தையாவது எடுத்துக் கொடுக்கலாம். ஒரு எழுத்து யாருக்குக் கேட்கும்? உதட்டை மட்டும் அசைத்தால் போதும்.

செல்வி என் முன்னால் வந்து நின்றாள். போனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரொம்ப மெதுவாகச் சொன்னாள்.

"மாமா, எந்திரிங்க."

நானும் வாயசைத்துத்தான் கேட்டேன். "ஒரு எழுத்துகூட வேண்டாமா?"

தலையை ஆட்டினாள். "நீங்க சொன்னீங்கன்னா அந்த எழுத்து எனக்குத் தெரியும்னு நெனச்சிருவாங்க. அப்புறம் அதைச் சொல்லித் தர மாட்டாங்க."

நான் எழுந்தேன். பாயைச் சுருட்டக் குனிந்தேன். அவள் வேண்டாம் என்று கையைக் காட்டினாள், போங்க என்று இன்னொரு கையைக் காட்டினாள். வாசலில் வெயில் கண்ணைக் குத்தியது. படியில் அத்தான், அவருக்கு ஒரு படி மேலே அக்கா, முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு. வேப்பமரத்தடியில் ஆனந்தகுமார் போனைப் பார்ப்பதுபோல நின்றான். தெரு முழுக்க அப்படி ஒரு அமைதி. எதிர் வீட்டில் யாரோ அம்மியில் எதையோ வைத்து நசுக்கும் சத்தம்கூட இங்கே கேட்டது.

"நீயும் வெளிய வந்துட்டியாலே? தூங்கலையா?" என்றார் அத்தான்.

"தூக்கம் வரல அத்தான்."

"உக்காரு. கேப்போம்."

நான் உட்காரவில்லை. எனக்குப் பின்னால் செல்வி கதவைச் சாத்தினாள். கீழ்த் தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு ஸ்டூலை இழுக்கும் சத்தம், அவள் அதில் ஏறும் சத்தம். எட்டாத உயரத்தில் இருக்கிற, யாரும் தொடாமல் துருப்பிடித்துக் கிடந்த மேல் தாழ்ப்பாளையும் ஆட்டி ஆட்டித் தள்ளி, அது உட்கார்கிற வரைக்கும் விடாமல் போட்டாள்.